ஐந்து பந்தில் பிடிபடாத ரக்கெட்

"இந்தா மச்சான், ஒருக்கா அடிச்சுப் பார்."

கொழும்பில் ஒரு டென்னிஸ் ரக்கெட் பற்றிய தீர்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. செட் முடிந்து தண்ணீர் குடிக்கும் இடைவேளையில், வாங்கில் கிடக்கும் நண்பரின் புது ரக்கெட்டை எடுத்து ஐந்தாறு ஃபோர்ஹாண்ட். உடனே "சுப்பர், நல்ல பவர்" அல்லது "மரக்கட்டை மாதிரி இருக்கு". அந்த ஐந்தாறு அடியில் கைக்கு எட்டியது ரக்கெட்டின் குணம் அல்ல. ஸ்ட்ரிங் எந்த வகை, எத்தனை இறாத்தலில் இழுத்தது, எவ்வளவு பழசு, கிரிப் தடிப்பா மெலிவா, பந்து புதிதா என்பவைதான் முதலில் கைக்கு வரும். ஃப்ரேமின், அதாவது ஸ்ட்ரிங் போடாத வெறும் சட்டத்தின் குணம் இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே கொண்டுவர ஒன்றரை மணித்தியால ஆட்டமும், அதற்கு முன் கொஞ்சம் வீட்டுவேலையும் தேவை.

இங்கே இந்தச் சோதனைக்கு மேலதிகக் காரணமும் உண்டு. உயர்தர ரக்கெட் எல்லாம் இறக்குமதிதான். 2022 இல் ரூபாய் சரிந்த பிறகு ஒரு ஃப்ரேமின் விலை பலருக்குப் பெரிய தொகை. டுபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பித்தால், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க வழியும் இல்லை. ஆகவே இரவல் ரக்கெட் கையில் கிடைக்கும் அந்த ஒரு நாளை வீணாக்கக் கூடாது.

முதலில் தராசு

உயர்தர ரக்கெட்டுகள் பெரும்பாலும் 27 அங்குல நீளமும் 95 முதல் 100 சதுர அங்குலத் தலையும் கொண்டவை. ஸ்ட்ரிங் இல்லாத எடை 290 இலிருந்து 340 கிராம் வரை போகும். பபோலாட் பியூர் டிரைவ் 100 சதுர அங்குலம், 300 கிராம். வில்சன் பிளேட் 98 ஏறத்தாழ 305 கிராம். ரோஜர் ஃபெடரருக்கென்று வந்த ஆர்எஃப்97 மட்டும் 340 கிராம். வார இறுதியில் மட்டும் ஆடுபவரின் தோள் அதை இரண்டாவது செட்டில் நன்றாக உணரும்.

இந்த எண்கள் பெரும்பாலும் வெறும் ஃப்ரேமுக்கு உரியவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 300 கிராம் ஃப்ரேமில் ஸ்ட்ரிங் 16 கிராம், ஓவர்கிரிப் (பிடியின் மேல் சுற்றும் மெல்லிய நாடா) 5 கிராம், டம்ப்னர் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை அடக்கச் செருகும் சிறு துண்டு) 2 கிராம் ஏறினால் கையில் இருப்பது 323 கிராம். ஸ்ட்ரிங் முழுவதும் தலைப்பக்கம் என்பதால் சமநிலைப் புள்ளி (ரக்கெட் ஒரு விரலில் சாயாமல் நிற்கும் இடம்) ஏறத்தாழ 1 செ.மீ. மேலே நகரும். ஓவர்கிரிப் அதை 3 மி.மீ. அளவு கீழே இழுக்கும். ஒரே மாதிரியின் இரண்டு ரக்கெட்டுகளுக்கு இடையில் 5 கிராம் வித்தியாசம் இருப்பது சாதாரணம். அதற்கு மேலும் இருக்கலாம். நண்பரின் ரக்கெட்டை விரும்பி அதே மாதிரியை வாங்கியவர் "இது அது இல்லை" என்று சொல்வதற்கு இதுவே பாதிக் காரணம்.

எடையை விட முக்கியமானது ஸ்விங்வெயிட், அதாவது வீச்சுப் பாரம். தராசில் ஒரே எடை காட்டும் இரண்டு ரக்கெட்டுகளில் ஒன்று வீசும்போது பாரமாக இருக்கலாம். தலையில் எடை கூடினால் அப்படித்தான். பிடியின் அடியிலிருந்து 10 செ.மீ. மேலே உள்ள அச்சைச் சுற்றிச் சுழற்ற எவ்வளவு எதிர்ப்பு என்பதுதான் அந்த எண். ஸ்ட்ரிங் போட்ட ரக்கெட்டுகளில் 305 முதல் 335 வரை பரவலாகக் காணலாம். அளக்கும் மெஷின் விலை கூடியது. ஆனால் வீட்டில் ஊசலாட விட்டுக் கணக்கிடலாம், பள்ளிக்கூடப் பௌதிகவியல் போதும்.

பிடியின் அடி நுனியை ஒட்டி, கிரிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு ஊசி குத்தி, அருகருகே வைத்த இரண்டு மேசைகளின் விளிம்பில் ஊசிகளைத் தாங்க விட்டு ரக்கெட்டைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். சிறிய வீச்சில், கை அகலத்துக்கு மேல் போகாமல், ஆடவிட்டு 30 முழு ஊசலுக்கு நேரம் எடுங்கள். அதை 30 ஆல் வகுத்தால் ஓர் ஊசலின் நேரம். அந்த நேரத்தின் வர்க்கத்தை எடையாலும் (கிலோவில்), அடியிலிருந்து சமநிலைப் புள்ளிவரை உள்ள தூரத்தாலும் (செ.மீ. இல்), பிறகு 24.77 ஆலும் பெருக்குங்கள். வரும் விடையிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும்: சமநிலைத் தூரத்தை 20 ஆல் பெருக்கி, 100 ஐக் கழித்து, எடையால் பெருக்கிய எண். உதாரணமாக 0.318 கிலோ, 33 செ.மீ., ஓர் ஊசலுக்கு 1.384 செக்கன் என்றால் முதல் பகுதி 498, கழிக்க வேண்டியது 178, ஸ்விங்வெயிட் 320. (24.77 என்பது கொழும்பின் ஈர்ப்பு முடுக்கம் 9.78 இலிருந்து வந்தது. ஐரோப்பியக் கணக்குகளில் இது சற்றுக் கூடுதலாக இருக்கும். வித்தியாசம் ஒன்றிரண்டு எண்தான்.) 30 ஊசல் எதற்கு என்றால், ஓர் ஊசலின் நேரத்தில் 0.01 செக்கன் பிசகினால் விடையில் 7 எண் பிசகும். பத்து ஊசலோடு நிறுத்துபவர்கள் பெரும்பாலும் அந்தத் தவறில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சோதிக்கும் ரக்கெட்டுக்கு மட்டுமல்ல, இப்போது ஆடும் ரக்கெட்டுக்கும் இதைச் செய்யுங்கள். ஒப்பிடப் பழையது இல்லாமல் புதிய எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

ஸ்ட்ரிங்கைச் சமப்படுத்தாமல் சோதனை இல்லை

இரண்டு ஃப்ரேம்களை ஒப்பிட வேண்டுமானால் இரண்டிலும் ஒரே ஸ்ட்ரிங், ஒரே தடிப்பு, ஒரே இழுவிசை, ஸ்ட்ரிங் போடும் மெஷினும் ஒன்றே, ஒரே நாள். பொலியெஸ்டர் 1.25 மி.மீ., 50 இறாத்தல் என்று ஒன்றை முடிவுசெய்து அதிலேயே நில்லுங்கள். பொலியெஸ்டர் முதல் நாளிலேயே இழுவிசையில் குறிப்பிடத்தக்க பங்கை இழக்கிறது. இன்று போட்டது ஒன்று, மூன்று கிழமைக்கு முன் போட்டது மற்றது என்றால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு ஸ்ட்ரிங்குகளை. போட்ட மறுநாள் ஆடுவதே நல்லது. முதல் நாள் சரிவு அடங்கிவிடும்.

மெஷினைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மெஷினின் பிடியைக் கையால் சுழற்ற, குறித்த இழுவிசை வந்ததும் பூட்டிக்கொள்ளும் மெஷின் ஒரு வகை. பூட்டிய பிறகு ஸ்ட்ரிங் தளர்ந்தாலும் அது மீண்டும் இழுக்காது. தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும் எலக்ட்ரோனிக் மெஷினும், பாரம் தொங்கும் மெஷினும் அந்தத் தளர்வை ஈடுசெய்யும். ஒரே 50 இறாத்தல் என்று சொல்லிக் கொடுத்தாலும் முதல் வகையில் போட்டது சில இறாத்தல் இளகலாகவே வரும். கடை மாறினால் எண்ணும் மாறியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

98 சதுர அங்குலத்தையும் 100 ஐயும் ஒப்பிடுகையில் இன்னொரு சிக்கல். ஒரே இழுவிசையில் பெரிய தலை சற்று இளகலாக ஆடும். 16 நேர் ஸ்ட்ரிங், 19 குறுக்கு ஸ்ட்ரிங் கொண்ட தலை, 18 × 20 ஐ விட இளகலாக ஆடும். இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட இழுவிசையை மாற்றத் தேவையில்லை. அது ஃப்ரேமோடு சேர்ந்தே வருகிற குணம்.

இரவல் ரக்கெட்டில் ஸ்ட்ரிங்கை வெட்ட உரிமையாளர் விடமாட்டார்தான். அப்போது ஸ்ட்ரிங்கைத் தட்டி எழும் ஒலியின் அதிர்வெண்ணைக் கைத்தொலைபேசிச் செயலியால் அளந்து, உங்கள் ரக்கெட்டின் ஒலியோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்வு இருக்கிறது என்றாவது தெரிந்து ஆடலாம். அதற்கு முன் ஒரு கேள்வி: ரக்கெட் மத்தியானம் முழுக்க வெயிலில் நின்ற வாகனத்தின் டிக்கியில் கிடந்ததா? சூடு ஸ்ட்ரிங்கை இளக்கிவிடும், ஆறிய பிறகும் பழைய நிலைக்கு வராது.

கிரிப்பும் இதே கதைதான். ஓர் ஓவர்கிரிப் பிடியை அரை அளவு தடிப்பாக்கும். உங்களுடையது மூன்றாம் அளவு, இரவல் இரண்டாம் அளவு என்றால் ஓர் ஓவர்கிரிப் மேலதிகமாகச் சுற்றி ஏறத்தாழ ஒட்டவையுங்கள். மெலிந்த பிடியை ஆட்கள் தம்மையறியாமல் இறுக்கிப் பிடிப்பார்கள். இறுக்கிய கைக்கு எந்த ஃப்ரேமும் விறைப்பாகத்தான் தெரியும்.

பந்து, ஈரம், கொழும்பு

சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் விதிப்படி, 254 செ.மீ. உயரத்திலிருந்து விழும் சாதாரணப் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். சோதனைக்கூடத்தில் அதை 20 பாகை வெப்பத்திலும் 60 சதவீத ஈரப்பதத்திலும் அளக்கிறார்கள். கொழும்பில் மாலை நாலு மணிக்கு அந்த இரண்டு எண்ணுமே கனவு. சூட்டில் பந்துக்குள் அமுக்கம் கூடி அது துள்ளும். ஈரத்தில் அதன் மயிர் தண்ணீர் குடித்துப் பாரமாகும். ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடிமழை பெய்து ஓய்ந்த கோர்ட்டில் நாற்பது நிமிடம் உருண்ட பந்து வேறு பந்து. அதை அடித்துவிட்டு "இந்த ரக்கெட்டில் பவர் இல்லை, கை அதிருது" என்றால் பழி ரக்கெட்டின் மேல் அநியாயமாக விழுகிறது.

பழைய பந்து இதைவிட மோசம். விலை காரணமாக ஒரு டின்னைப் பல நாள் இழுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அமுக்கம் போன பந்தில், விறைப்பான, பவர் கூடிய ஃப்ரேமும் அடக்கமாக ஆடுவது போலத் தோன்றும். வாங்கிய பிறகு போட்டி நாளில் புது டின் திறந்ததும் பந்தெல்லாம் பின்சுவருக்குப் போகும். சோதனைக்கு அன்று திறந்த டின்னைப் பாவியுங்கள். கையிருப்புப் பந்து சந்தேகம் என்றால் 150 செ.மீ. உயரத்திலிருந்து விடுங்கள், 80 செ.மீ. அளவுக்குக் கூட எழாவிட்டால் வேண்டாம்.

வியர்வைக்கு ஓவர்கிரிப் முக்கியம். ஒட்டும் வகை முதல் அரை மணித்தியாலம் அருமையாக இருந்து பிறகு வழுக்கும். டூர்னா கிரிப் போன்ற உலர்ந்த வகை, ஈரம் பட்ட பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். இரண்டு ரக்கெட்டிலும் ஒரே வகை, இரண்டும் புதிது என்று தொடங்குங்கள். டவலை ஒவ்வொரு ஐந்து நிமிடமும் எடுக்கத் தயங்க வேண்டாம்.

கோர்ட்டில்

பந்து ஸ்ட்ரிங்கோடு தொட்டிருப்பது ஏறத்தாழ 5 மில்லிசெக்கன். கையில் நாம் "ஃபீல்" என்று சொல்லும் அதிர்வை மூளை உணர்வதற்குள் பந்து போய்விட்டது. அதாவது ஃபீல் என்பது நடந்து முடிந்ததைப் பற்றிய செய்தி மட்டுமே. நல்ல செய்தி தரும் ரக்கெட் பந்தை நல்ல இடத்தில் போடும் என்று கட்டாயம் இல்லை. டம்ப்னர் ஸ்ட்ரிங்கின் 500 ஹேர்ட்ஸை ஒட்டிய கிணுகிணுப்பை அடக்கும்; முழங்கைக்குப் போகும் ஃப்ரேம் அதிர்வு அதைவிடத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அது அசையாது. ஒலி மாறியதும் "மிருதுவாக இருக்கு" என்று சொல்பவரைக் காது ஏமாற்றுகிறது. ஆகவே ஃபீலை நம்பி எழுதாமல், பந்து விழும் இடத்தை எண்ணி எழுதுங்கள்.

பேஸ்லைனிலிருந்து (கோர்ட்டின் பின்கோடு) சேர்விஸ் கோட்டுக்கு 5.485 மீற்றர். பேஸ்லைனுக்கு உள்ளே 2 மீற்றரில் பந்து டின்களையோ கூம்புகளையோ வைத்து ஒரு வலயம் அமையுங்கள். சீராகப் பந்து தரக்கூடிய துணை ஆட்டக்காரர் வேண்டும். அவர் எப்போதும் தன் பழைய ரக்கெட்டிலேயே ஆடட்டும். சேர்விஸ் பெட்டிக்குள் ஐந்து நிமிடம் மெதுவாக ஆடிக் கையைச் சூடாக்கிய பிறகு, குறுக்காக 20 ஃபோர்ஹாண்ட், 20 பேக்ஹாண்ட். எத்தனை வலயத்தில், எத்தனை குறுகல், எத்தனை வெளியே. பிறகு உங்கள் பழைய ரக்கெட்டில் அதே 40. மறுபடி புதியது, மறுபடி பழையது. இந்த மாறிமாறி ஆடலைத் தவிர்க்காதீர்கள். ஒரே ரக்கெட்டில் ஒரு மணித்தியாலம் ஆடினால் கை அதற்கு இசைந்து, அதன் குறையை ஸ்விங் மூடிவிடும்.

வெளியே போகும் பந்தைப் பார்க்கும் விதத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். "பவர் கூட, அதனால் வெளியே போகுது" என்பது பாதி நேரம் பிழை. பந்து வலையை எந்த உயரத்தில் கடக்கிறது என்று துணை ஆட்டக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட இரண்டு மூன்று அடி உயரமாகக் கடந்து வெளியே விழுந்தால், அது புறப்படும் கோணத்தின் பிரச்சினை: திறந்த 16 × 19 அமைப்பிலோ, இளகிய ஸ்ட்ரிங்கிலோ பந்து மேல்நோக்கிக் கிளம்புகிறது. வழக்கமான உயரத்தில் கடந்தும் வெளியே போனால்தான் வேகம் கூடியிருக்கிறது என்று பொருள். முதலாவதற்கு இழுவிசையை இரண்டு இறாத்தல் ஏற்றலாம், அல்லது ஒன்றும் செய்யாமல் ஒரு கிழமை ஆடினாலே கை சரிசெய்துகொள்ளும். இரண்டாவது ஃப்ரேமின் விறைப்பிலிருந்தும் தடித்த விளிம்பிலிருந்தும் வருவது. அதை ஸ்ட்ரிங்கால் ஓரளவுதான் அடக்கலாம்.

அடுத்து ரிட்டேர்ன். ஒரு ரக்கெட்டின் பலவீனம் இங்கேதான் வெளியே வரும், ஏனென்றால் வேகமான சேர்வுக்கு எதிராக நீங்கள் ஸ்விங் செய்வதே குறைவு. ஃப்ரேம்தான் வேலை செய்ய வேண்டும். இருபது சேர்வைத் தடுத்துத் திருப்புங்கள். தலையின் நடுவிலிருந்து மூன்று மணி, ஒன்பது மணிப் பக்கம் தள்ளிப் பட்ட பந்துகளைக் கவனியுங்கள். கைக்குள் பிடி திரும்புகிறதா? பந்து வலைக்குள் செத்து விழுகிறதா, அல்லது சேர்விஸ் கோட்டையாவது தாண்டுகிறதா? 295 கிராமை ஒட்டிய ரக்கெட்டுகள் ரலியில் இனிமையாக இருந்துவிட்டு இந்த இடத்தில் கைவிடும். நடுவில் பட்ட பந்து எல்லா ரக்கெட்டிலும் நன்றாகத்தான் போகும். ஒரு ரக்கெட்டின் மதிப்பு பிசகிப் பட்ட பந்தில்.

வொலியில் (பந்து தரையில் படுமுன் அடிப்பதில்) பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உடலுக்கு நேரே வரும் பந்துக்கு ரக்கெட் தலை நேரத்துக்கு முன்னால் வருகிறதா. ஸ்லைஸுக்கு (பந்தின் அடிப்பக்கத்தை வெட்டி அடிப்பதற்கு) 18 × 20 பெரும்பாலும் கை கொடுக்கும். பந்து தாழ்ந்து ஓடும்.

சேர்வைக் கடைசிக்கு வைப்பதில் அர்த்தம் உண்டு. களைத்த தோள்தான் ஸ்விங்வெயிட்டை நேர்மையாகச் சொல்லும். தொடக்கத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் 10, முடிவில் ஒவ்வொரு பெட்டிக்கும் 10 அடித்து, உள்ளே விழுந்ததை இருமுறையும் ஒப்பிடுங்கள். முதலில் 20 இல் 13, முடிவில் 8 என்றும், தவறிய பன்னிரண்டில் பெரும்பாலானவை வலையில் விழுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். ரக்கெட் தலையை மேலே கொண்டுவர முடியாமல் பந்து முகத்துக்கு முன்னால் தாழ்ந்து படுகிறது. வீச்சுப் பாரம் உங்களுக்கு அதிகம். பழைய ரக்கெட்டிலும் அதே சரிவு வந்தால் குற்றம் ரக்கெட்டில் இல்லை, நாம்தான் களைத்துவிட்டோம்.

சோதனை நடக்கும் தரையையும் குறித்துக்கொள்ளுங்கள். கொழும்பில் களிமண் கோர்ட்டும் உண்டு, ஹார்ட் கோர்ட்டும் உண்டு. களிமண்ணில் பந்து வேகம் குறைந்து உயர்ந்து வருவதால் ஸ்விங் செய்ய நேரம் கிடைக்கும். பாரமான ரக்கெட் அங்கே தன் குறையை மறைத்துக்கொள்ளும். நீங்கள் கிழமைதோறும் ஆடும் தரையில் சோதிப்பதுதான் முறை.

பாதகமான இடத்தில் சோதிப்பது ஃபெடரருக்கே நடந்தது. 90 சதுர அங்குலத்தில் ஆடிவந்தவர் 2013 யூலையில் 98 சதுர அங்குல மாதிரி ஒன்றோடு ஹம்பேர்க்கிலும் ஸ்டாட்டிலும் இறங்கினார். ஸ்டாட் ஆயிரம் மீற்றர் உயரத்து மலையூர், காற்று அடர்த்தி குறைந்து பந்து பறக்கும் இடம். அவருக்கு முதுகு வலியும் இருந்தது. இரண்டு இடத்திலும் தோற்று, பழைய 90 க்குத் திரும்பினார். ஆனால் அந்த யோசனையைக் குப்பையில் போடவில்லை. 2014 இல் பெரிய தலையோடு வந்து அதிலேயே நிலைத்தார். பாதகமான நிலைமையில் கிடைத்த விடையை அவர் கடைசி விடையாக எடுக்கவில்லை.

குறையைச் சரிசெய்தபின் தீர்ப்பு

ரிட்டேர்னில் ரக்கெட் திரும்பியது, மற்றதெல்லாம் பிடித்திருந்தது என்றால் உடனே நிராகரிக்க வேண்டாம். மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் பக்கத்துக்கு 2 கிராம் ஈய நாடா ஒட்டுங்கள். 4 கிராம் மொத்தமாக ஸ்விங்வெயிட்டை ஏறத்தாழ 7 எண் கூட்டும். திரும்புவது கண்கூடாகக் குறையும். அதே 4 கிராமைத் தலையின் உச்சியில் ஒட்டினால் 13 எண் ஏறும், சேர்வில் தோள் முறையிடும். பிடியின் அடியில் ஒட்டினால் ஸ்விங்வெயிட் அசையாது, சமநிலை மட்டும் பின்னுக்கு வரும். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே சரியாகக் காட்டாது. செட்டியார் தெரு நகைக் கடைகளில் காணும் வகைச் சிறு தராசு இருந்தால் நல்லது. ஈயம் நஞ்சு. ஒட்டிய கையோடு சிற்றுண்டி எடுக்க வேண்டாம், மேலே பாதுகாப்பு நாடாவும் சுற்றுங்கள். எடையைக் கூட்டலாமே தவிர ஃப்ரேமிலிருந்து குறைக்க வழியில்லை. இரண்டுக்கு நடுவில் தடுமாறினால் சற்று இலேசானதை எடுங்கள்.

விறைப்பை மட்டும் எந்த நாடாவும் மாற்றாது. விறைப்பு எண் 70 ஐ ஒட்டியதும் 60 ஐ ஒட்டியதும் ஒரு மணித்தியாலத்தில் கைக்கு ஒன்றாகவே தோன்றலாம். அதிலும் பொலியெஸ்டர் போட்ட விறைப்பான ஃப்ரேம், ஈரப் பந்து, வழுக்கும் பிடி மூன்றும் சேர்ந்தால் முழங்கை அன்றிரவு ஒன்றும் சொல்லாது. மறுநாள் காலை தண்ணீர் நிறைந்த கேத்தலை, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, கையை நீட்டித் தூக்கிப் பாருங்கள். முழங்கையின் வெளிப்பக்கம் சுண்டி இழுத்தால், முதல் நாள் எண்ணி எழுதிய எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டு ரக்கெட்டை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.